ஒடுக்கு எடுத்தல்: பழைய கார்களும் பெயிண்ட் அழியாத தகர வேலையும்

பெயிண்ட் அழியாமல் ஒடுக்கு எடுத்தல் என்பது மோட்டார் வாகனத்தின் உடற்தகட்டில் விழுந்த பள்ளத்தை, அதன் மேலுள்ள வண்ணப்பூச்சைச் சுரண்டாமலும் மறுபூச்சு அடிக்காமலும், பின்புறமிருந்து தள்ளியோ முன்புறமிருந்து இழுத்தோ பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும் முறை. தொழிலில் இதைப் 'பி.டி.ஆர்.' என்று சுருக்கமாகச் சொல்வர். புதிய கார்களை ஒட்டிப் பரவிய இம்முறை, பழைய கார்களிடம் வரும்போது வேறொரு பொருள் பெறுகிறது. புதிய காரில் இதனால் செலவும் நாளும் மிச்சமாகின்றன. ஐம்பது ஆண்டு கடந்த காரில் இதனால் தப்பிப்பது தொழிற்சாலையில் அடித்த முதல் பூச்சு. அது ஒருமுறை போனால் திரும்ப வராது.

மதுரைப் பக்கமிருந்து தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் அமைந்துள்ளன. இவை போன்ற தென்மாவட்ட ஊர்களில் அந்த முதல் பூச்சு ஏன் பெரும்பாலான கார்களில் அழிந்துபோனது, சிலவற்றில் மட்டும் எப்படி எஞ்சியது என்பது இத்தொழிலின் வரலாற்றோடு பிணைந்த கேள்வி.

சொல்லின் வழி

'ஒடுக்கு' என்ற சொல் காருக்காகப் பிறந்ததன்று. பித்தளைக் குடமும் அண்டாவும் செப்புத் தவலையும் புழங்கிய வீடுகளில், கிணற்றுச் சுவரில் இடித்தோ கைதவறி விழுந்தோ பாத்திரத்தில் உண்டாகும் பள்ளத்துக்கு அது பெயர். சொட்டை, நெளிசல் என்றும் சொல்வதுண்டு. ஒடுக்கு எடுப்பவரும் ஈயம் பூசுபவரும் தெருத்தெருவாக வந்த காலம் இன்றைய முதியவர்களின் நினைவில் இருக்கிறது. குடத்தின் கழுத்து வழியே வளைந்த இரும்புக் கம்பியின் உருண்டைத் தலையை உள்ளே செலுத்தி, ஒடுங்கிய இடத்துக்குப் பின்னால் அதைப் பொருத்தி, வெளியிலிருந்து மரச்சுத்தியால் மெல்லத் தட்டுவார்கள். கை நுழையாத இடத்தில் கம்பியின் நுனியைக் கொண்டு வேலை செய்யும் இந்தப் பழக்கம், பின்னர் கார்க் கதவுக்குள் நுழைந்த பி.டி.ஆர். கம்பிக்கு மிக அருகில் இருப்பது.

ஆங்கிலச் சொல்லும் இதே பாதையில்தான் வந்தது. காரின் தகட்டை நேராக்கும் தொழிலைத் தமிழ்நாட்டில் 'டிங்கரிங்' என்றும் அதைச் செய்பவரை 'டிங்கர்' என்றும் அழைக்கின்றனர். இங்கிலாந்தில் டிங்கர் என்றால் ஊர் ஊராகச் சென்று பாத்திரம் செப்பனிடுபவர். கார்த் தகடு தட்டுபவருக்கு அங்கே வேறு பெயர் உண்டு. அவரையும் டிங்கர் என்றே அழைப்பது இந்தியாவில் நிலைத்த வழக்கு. தமிழிலும் ஆங்கிலத்திலும் பாத்திரக்காரரின் பெயரே காருக்கு வந்து சேர்ந்தது தற்செயல் அன்று. வேலையை ஏற்றுச் செய்த கைகள் பெரும்பாலும் உலோகத்தோடு முன்பே பழகியவை.

சாலையும் பட்டறையும்

தென்மாவட்டங்களில் மோட்டார்ப் போக்குவரத்தின் தொடக்கம் மதுரையோடு பிணைந்தது. டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தொடங்கிய நிறுவனம், 1912-இல் மதுரையில் பேருந்துச் சேவையை நடத்தத் தொடங்கியது. பேருந்தோடு பழுதுபார்க்கும் பட்டறைகளும் வந்தன. அங்கே தொழில் பழகியவர்கள் சிற்றூர்களுக்குச் சென்று தனிப்பட்டறை போடுவது தென்மாவட்டங்களின் பொதுவான வழியாக இருந்தது.

இராஜபாளையத்தில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-இல் இராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நூற்பாலைகள் பெருகப் பெருகப் பஞ்சு ஏற்றும் லாரியும் முதலாளிகளின் காரும் ஊருக்குள் வந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரின் தேவை வேறு. ஆண்டாள் கோயிலுக்கு வரும் குடும்பங்கள், திருமணக் கூட்டங்கள், குற்றாலச் சாரலுக்கும் சபரிமலைக்கும் போகிறவர்கள் என வாடகைக் காருக்கு ஆண்டு முழுவதும் வேலை இருந்தது. அந்த ஊரில் தேர் என்றால் ஆடிப்பூரத்துப் பெருந்தேர்தான். ஆனால் வெளியூரிலிருந்து அதைப் பார்க்க வந்த குடும்பங்களில் பல அம்பாசடரில் வந்திறங்கின.

கார் கிடைக்காத காலம்

இந்தியாவில் டிங்கரிங் இவ்வளவு பெரிய தொழிலாக வளர்ந்ததற்குக் கையின் திறமை மட்டும் காரணமன்று, அரசின் கொள்கையும் காரணம். 1953-இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி, உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யத் திட்டமில்லாத நிறுவனங்கள் வெளியேற வேண்டியதாயிற்று. உதிரிகளை இறக்கிப் பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் சென்றன. பயணியர் காரில் மூன்று பெயர்கள் எஞ்சின. வங்காளத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரிமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு.

இந்துஸ்தானின் லேண்ட்மாஸ்டரை அடுத்து 1957-இல் அம்பாசடர் வந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையே அதன் மூலம். பிரிமியர் 1964 முதல் செய்த ஃபியட் 1100 டிலைட், 1970-களின் நடுவில் பிரிமியர் பத்மினி ஆனது. சென்னையில் 1961 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு உருவானது. இரண்டு கதவு வண்டியாகப் பிறந்த ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தது இந்தியாவில் மட்டும்தான்.

பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால்தான் கார் கிடைக்கும் என்ற நிலை 1983 டிசம்பரில் மாருதி 800 வரும்வரை நீடித்தது. புது மட்கார்டும் கதவும் கேட்ட நேரத்தில் கிடைப்பதில்லை. ஆகவே, மாற்றும் எண்ணமே இல்லாமல் தட்டி நேராக்குவது வழக்கமானது. லாரியில் மோதி முன்பக்கம் சுருண்ட அம்பாசடரையும் சம்மட்டி, டாலிக் கட்டை, கேஸ் வெல்டிங் ஆகியவற்றைக் கொண்டு நிறுத்திவிடுவார்கள். உள்ளே டாலியை ஏந்திக்கொண்டு வெளியே சுத்தியால் அடிக்கும்போது எழும் ஓசையைக் கேட்டே தகடு எந்த இடத்தில் இறுகியிருக்கிறது, எங்கே நீண்டுவிட்டது என்று சொல்லும் டிங்கர்கள் இருந்தனர். நீண்டு தளர்ந்த தகடு, விரலால் அமுக்கினால் 'டொக்' என்று உள்ளே போய் மறுபடி வெளியே வரும். அந்த இடத்தைக் கேஸ் சுடரால் சிவக்கக் காய்ச்சி, தட்டி, ஈரத்துணியை வைத்துச் சட்டென்று குளிரச் செய்வார்கள். தகடு சுருங்கி இறுகும். அருமையான உலோக அறிவு அது. ஆனால், அந்தச் சூட்டில் சுற்றியுள்ள பூச்சு கொப்புளித்துக் கருகிவிடும். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. எப்படியும் முழுவதுமாகப் பெயிண்ட் அடிக்கத்தான் போகிறார்கள்.

கவலைப்படாததற்கு இன்னொரு காரணம் எஃப்.சி. அக்காலத்தில் வாடகை வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்காக ஆய்வாளர் முன் நிற்க வேண்டியிருந்தது. 'எஃப்.சி. வேலை' என்றாலே டிங்கரிங்கும் பெயிண்டிங்கும் என்று ஆனது. வண்டியை ஒருநாள் காட்டுவதற்காக ஒவ்வோராண்டும் ஒரு படலம் ஏறியது. வீட்டுக் கார்களுக்கும் இதே ருசி பரவிற்று. மகள் கல்யாணம், புதுமனை புகுதல் என்று ஏதாவது வந்தால் காருக்கும் 'புதுப் பெயிண்ட்'. புதிதுபோல் மின்னுவதே பராமரிப்பின் அடையாளம் என்று நம்பிய அந்த மரியாதைதான், தென்மாவட்டக் கார்களின் அசல் பூச்சை மற்ற எதையும்விட அதிகமாக அழித்தது.

பூச்சும் பட்டியும்

தொடக்ககாலக் கார்களுக்குத் தூரிகையால் எண்ணெய்ப் பூச்சும் வார்னிஷும் தீட்டினர். அது உலர வாரக்கணக்காகும். 1920-களின் முற்பாதியில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் கொண்டுவந்த 'டூக்கோ' என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு சில மணி நேரத்தில் உலர்ந்தது. துப்பாக்கி போன்ற கருவியால் தூவவும் முடிந்தது. 'டூக்கோ பெயிண்ட்' என்ற பெயர் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் நிறுவனத்தை மறந்து, பீச்சி அடிக்கும் பூச்சு அனைத்துக்கும் பொதுப்பெயராக நிலைத்துவிட்டது.

மேடுபள்ளத்தை நிரப்ப முற்காலத்தில் மேலைநாட்டார் ஈயக்கலவையை உருக்கி இழைத்தனர். 1950-களின் நடுவில் அமெரிக்காவில் பாலியெஸ்டர் பிசினும் டால்க் பொடியும் கலந்த நிரப்பு விற்பனைக்கு வந்தது. நாளடைவில் உலகெங்கும் பரவிய இந்த வகைதான் இன்றைய பட்டறையின் 'பட்டி'. இதன் வரவு டிங்கரின் கையை மெதுவாகக் கெடுத்தது என்று சொல்லலாம். தகட்டை முக்கால் பங்கு தூக்கினால் போதும், மீதியைப் பட்டி பார்த்து உப்புத்தாளால் தேய்த்துவிடலாம் என்றான பிறகு, கடைசிக் கால் பங்குக்கான நுட்பம் தேவையில்லாமல் போயிற்று. சில பழைய அம்பாசடர்களின் கதவடியில் விரல் தடிமனுக்குப் பட்டி இருக்கும். காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தகடு இருக்கும் இடத்தில் கவ்வும், பட்டி இருக்கும் இடத்தில் நழுவும்.

பூச்சைத் தொடாத முறை

பூச்சைக் கெடுக்காமல் ஒடுக்கு எடுக்கும் பழக்கம் கார்த் தொழிற்சாலைகளுக்குள் இருந்தே வந்தது. உற்பத்தி வரிசையில் பூச்சு முடிந்த பின் சிறு பள்ளம் விழுந்தால், அதற்காக முழு வண்டிக்கும் மறுபூச்சு அடிப்பது இழப்பு. மெர்சிடிஸ்-பென்ஸ் ஊழியரான ஆஸ்கர் ஃப்ளைக், 1960-இல் நியூயார்க் கண்காட்சியில் வைத்த கார்களில் பார்வையாளர்களால் உண்டான சிறு ஒடுக்குகளைச் சுத்திப் பிடியின் முனையால் பின்னிருந்து நெம்பி எடுத்தார் என்றும், அதிலிருந்தே இதற்கெனத் தனிக் கருவிகள் பிறந்தன என்றும் இத்தொழிலில் வழங்கிவருகிறது. மெல்லிய தகட்டைப் பின்னிருந்து எழுப்பும் வித்தை அவருக்கு முன்பே உலகெங்கும் இருந்தது. பூச்சுக்குக் கீறல் வராமல் நிறுத்திக்கொள்ளும் கட்டுப்பாடே இதில் புதியது.

இதைப் பெருந்தொழிலாக்கியது ஆலங்கட்டி மழை. 1984 ஜூலை 12 அன்று மியூனிக் நகரில் பெய்த ஆலங்கட்டியில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் வண்டிகள் சேதமுற்றன. அத்தகைய ஒரு மழையில் ஒவ்வொரு வண்டிக்கும் நூற்றுக்கணக்கில் சிறு பள்ளங்கள் விழும். அத்தனைக்கும் பட்டியும் பெயிண்டும் என்றால் காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாது. 1980-களிலும் 1990-களிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பி.டி.ஆர். வேரூன்றியது இந்தக் கணக்கினால்தான்.

மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் அந்த அளவுக்கு ஆலங்கட்டி விழுவதில்லை. அதன் இடத்தைத் தேங்காய் எடுத்துக்கொள்கிறது. இராஜபாளையம், சேத்தூர், தேவதானம் பக்கத்துத் தோப்புகளில் நிறுத்திய வண்டியின் கூரையில் நெற்றுத் தேங்காய் விழுந்தால், விளிம்பு மடியாத அகலமான உருண்டைப் பள்ளம் உண்டாகும். வேடிக்கை என்னவென்றால், பி.டி.ஆர். முறைக்கு மிகவும் இணங்கும் ஒடுக்கும் இதுதான். மாட்டுக்கொம்பு குத்தியதும் கேட்டின் இரும்பு முனையில் இடித்ததும் அப்படியல்ல. அவற்றில் தகடு கூர்மையாக மடிந்து நீண்டுவிடுகிறது.

வேலை நடக்கும் விதம்

பள்ளத்தின் நடுப்பகுதியைக் குத்தித் தூக்குவது கற்றுக்குட்டியின் பிழை. எஃகுத் தகட்டில் விழும் ஆழமற்ற பள்ளத்தின் பெரும்பகுதி உண்மையில் நிரந்தரமாக மடிந்ததன்று. அதைச் சுற்றி எழும்பிய மேட்டு வளையம் பூட்டுப்போல இருந்து, உள்ளே போன பகுதியைத் திரும்ப விடாமல் பிடித்திருக்கிறது. ஆகவே மேட்டை நைலான் முனைக் கருவியால் மெல்லத் தட்டித் தணிப்பதும், பள்ளத்தைக் கம்பி முனையால் மயிரிழை மயிரிழையாக எழுப்புவதும் மாறிமாறி நடக்கும். உள்ளங்கையளவு ஒடுக்குக்கு நூற்றுக்கணக்கான அழுத்தங்கள் தேவைப்படும்.

கண் பார்ப்பது பள்ளத்தையன்று. கோடு கோடாக ஒளிவிடும் பலகையைப் பக்கத்தில் நிறுத்தி, பூச்சில் விழும் அதன் பிரதிபலிப்பையே பார்க்கிறார்கள். கோடு வளைந்தால் பள்ளம், பிதுங்கினால் மேடு. கம்பி முனை தகட்டுக்குப் பின்னால் எங்கே இருக்கிறது என்பதையும் அந்தக் கோட்டின் சிறு அசைவு காட்டிக்கொடுக்கும். பூச்சின் பளபளப்பு இல்லாவிட்டால் இந்த வேலையே இல்லை. வெயிலில் வெளிறிப் பொடிதட்டிய பழைய பூச்சின் மேல் நீரோ மெழுகோ தடவித் தற்காலிகப் பளபளப்பை வரவழைத்த பிறகுதான் தொடங்க முடியும்.

அம்பாசடர் காலத்துத் தகடு சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன். இன்றைய கார்களின் வெளித்தகடு அதைவிட மெல்லியது. ஆனால் வலுவூட்டிய எஃகு என்பதால் விறைப்பானது. பழைய தகடு மென்மையான எஃகு. தள்ளுவதற்கு வலிமை அதிகம் வேண்டும். ஆனால், சொன்னபடி கேட்கும். பின்புறம் எட்டுவதும் பழைய வண்டிகளில் எளிது. ஹெரால்டின் முன்மூடி மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும் என்பதால், அந்தத் தகடு முழுவதும் வேலைக்காரரின் கைக்குள் வந்துவிடும். இன்றைய கார்களில் உள்தகட்டையும் பசை ஒட்டிய சட்டங்களையும் சுற்றிக்கொண்டுதான் கம்பி போக வேண்டும்.

பழைய பூச்சின் பிடிவாதம்

தகடு இணங்கினாலும் பூச்சு இணங்க வேண்டும். இன்றைய பூச்சுகளில் நிறத்தின் மேல் கண்ணாடி போன்ற தனிப்படலம் உண்டு. அது ஓரளவு வளைந்துகொடுக்கும். 1980-களுக்கு முந்திய கார்களில் பெரும்பாலும் நிறமே மேற்படலம். பல்லாண்டு வெயிலில் அது வறண்டு இறுகியிருக்கும். ஒரே தள்ளலில் அதிகம் எழுப்பினால் முடிபோல மெல்லிய வெடிப்பு ஓடிவிடும். அதனால் தகட்டை மிதமாகச் சூடாக்கிக்கொண்டு, முனையில் தோலோ ரப்பரோ சுற்றி, ஒரு நாள் வேலையை இரண்டு நாளாக்கிச் செய்வதே வழி.

முன்புறம் பசை ஒட்டி இழுக்கும் முறை பழைய கார்களுக்கு ஆபத்தானது. தொழிற்சாலைப் பூச்சு தகட்டைப் பற்றியிருக்கும் அளவுக்குப் பிற்காலப் பட்டறைப் பூச்சு பற்றியிருப்பதில்லை. பசை வில்லையை இழுக்கும்போது ஒடுக்கு அப்படியே இருக்கப் பெயிண்ட் மட்டும் வட்டமாகக் கழன்று வரக்கூடும். கல்யாணக் காரில் பூமாலையை ஒட்டிய செலோடேப்பை மறுநாள் உரிக்கும்போது நடப்பதும் இதுவே. அடியில் பட்டி இருந்தாலோ பேச்சே இல்லை. பின்னிருந்து தள்ளினால் பட்டி பிளந்து உதிரும். எஃப்.சி.க்காக ஆண்டுதோறும் பட்டி பார்த்த வண்டிகளுக்கு இம்முறையால் பயனில்லாமல் போவது இப்படித்தான்.

எனவே பயன்பெறக்கூடியவை, ஒருவகையில் மறக்கப்பட்ட வண்டிகளே. உரிமையாளர் இறந்தபின் மில் வளாகத்துக் கொட்டகையிலோ பழைய வீட்டின் வண்டிக் கொட்டிலிலோ துணி போர்த்தி நிறுத்தியவை, வாடகைக்கு ஓடாதவை, எந்தக் கல்யாணத்துக்கும் மெருகேற்றப்படாதவை. கடற்கரை ஊர்களைப் போல உப்புக்காற்று இல்லாததால் இந்தப் பகுதியில் துருவும் சற்றுத் தாமதிக்கும். கவனிக்கப்படாமல் கிடந்தது இவற்றின் பூச்சைக் காப்பாற்றியது. கவனித்துப் பார்த்தவர்களின் கார்களில் அது போய்விட்டது.

'அசல்' என்ற சொல் சட்டத்தில்

பழைய கார்களைப் புதிதுபோல் ஆக்குவதைவிட உள்ளபடி காப்பதே மேல் என்ற எண்ணம் உலக அளவில் வலுப்பெற்றது அண்மைக் காலத்தில்தான். பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனம், பழங்கட்டடங்களுக்கான வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றி, வண்டியில் படிந்த காலத்தின் தடங்களும் வரலாற்றுச் சான்றுகளே என்று கொண்டது.

இந்தியாவில் 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, அசல் வடிவில் பராமரிக்கப்பட்ட, பெரிய மாற்றங்களுக்கு உட்படாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் 'விண்டேஜ்' என வரையறுக்கப்பட்டன. இவற்றுக்கு 'வி.ஏ.' எழுத்துகளோடு தனிப் பதிவெண். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, பழைய கார்ப் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் சாலையில் ஓட்டலாம். வணிகப் பயன்பாடு கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் முகூர்த்த நாளில் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடும் பழைய அம்பாசடர், இந்தப் பதிவைப் பெற்றால் அந்தத் தொழிலை விட வேண்டியிருக்கும்.

விதி பார்ப்பது வண்டியின் உடற்கூடு, அடிச்சட்டம், எஞ்சின் ஆகியவற்றின் மாற்றத்தையே. மறுபூச்சு அடித்த காரணத்துக்காக ஒரு வண்டியை அது தள்ளிவிடுவதில்லை. பூச்சு அசலா என்பதைப் பார்ப்பவர்கள் சேகரிப்பாளர்களும் போட்டி நடுவர்களும். பூச்சின் தடிமனை மைக்ரான் கணக்கில் அளக்கும் சிறு கருவியைக் கதவு, கூரை, மட்கார்டு என்று ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்ப்பார்கள். தொழிற்சாலைப் பூச்சு வண்டி முழுதும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். பட்டி உள்ள இடத்தில் எண் பலமடங்கு எகிறும். நன்றாகச் செய்த பி.டி.ஆர். அந்தக் கருவிக்குத் தெரியாது.

அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் உத்தரபாராவில் நின்றது. சம்மட்டியும் டாலியும் பிடித்த தலைமுறையின் பட்டறைகளில் இன்று பெரும்பாலும் மோதிய உறுப்பைக் கழற்றிப் புதிதை மாட்டும் வேலையே நடக்கிறது. பெருநகரங்களில் பி.டி.ஆர். பழகும் இளைஞர்கள் பெரும்பாலும் புதிய கார்களில்தான் கை பழகுகிறார்கள். கனமான பழைய தகட்டின் இழுப்பு அவர்களுக்குப் புதிது. அந்தத் தகட்டின் ஓசை அறிந்த முதிய டிங்கருக்கோ, பூச்சைத் தொடாமல் நிறுத்துவது பழக்கமில்லாதது. கொட்டகையில் துணி போர்த்தி நிற்கும் காரின் கூரையில் விழுந்த ஒடுக்குக்கு இவ்விருவரும் ஒரே நேரத்தில் தேவைப்படுகின்றனர்.